மூணு மண்டலப் பொரி

பைய நான் மடியில வெச்சுக்கறேங்க, நீங்க நல்லா உக்காருங்க. கனமெல்லாம் இல்ல, பொரிதான். திருநின்றவூர் வரைக்கும் போறேன். கோயிலுக்கா? இல்லங்க. அங்க ஒரு ஜோசியன் இருக்கான். அவன் வாசல்ல இதக் கொட்டிட்டு, நாலு கேள்வி கேட்டுட்டு வரணும். அதுக்குத்தான் இப்படிக் கெளம்பினேன்.

சிரிக்காதீங்க. நூத்தி நாப்பத்தி நாலு நாள். மூணு மண்டலம். ஒரு நாள் விட்டதில்ல, ஜுரத்துல கெடந்தப்பகூட எழுந்து குளிச்சுட்டுப் போட்டேன். நேத்தோட முடிஞ்சது. இன்னிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்.

ஆமாங்க, இன்னிக்கேதான். பதினோரு மணிக்கு, அம்பத்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நான் போகல. எங்க வீட்டுக்காரர் போயிருக்கார், பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, செண்ட் வேற. இந்த பஸ் அந்த வழியாத்தான் போகும், தெரியும். போனா போகட்டும். அந்த எடம் வந்தா நான் உங்க பக்கம் திரும்பிக்கறேன்.

உங்களுக்கு எத்தன பசங்க? ஒரே பையனா. என்ன வயசு? முப்பத்தி மூணா. இன்னும் அமையலயா? பாத்தீங்களா, எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். அப்ப உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். மொதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க.

எங்க வீட்டுக்காரர் பேரு... பேர் சொல்ல மாட்டேன், திருத்தணி முருகர் பேருதான், தணிகையோட அசலத்தச் சேத்துக்கங்க. ரயில்வேல ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனார். பெரம்பூர்ல சொந்த வீடு. ரிட்டயர் ஆன மூணாம் மாசம் பிரஷர் ஏறிப்போச்சு. டாக்டர், தெனம் கொஞ்ச நேரம் மீன் தொட்டியப் பாத்துட்டு உக்காருங்க சார், மனசு அடங்கும்னாரு. அவரு ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. இவரு நாலடித் தொட்டி வாங்கிட்டு வந்துட்டார். சாதா மீனும் இல்ல, கடல் மீன். அதுக்குன்னு உப்பு மூட்டையா வரும், கரைச்சு ஊத்தணும். சுத்த சைவம்ங்க நாங்க. முட்டைகூட வீட்டுக்குள்ள வந்தது கெடையாது. அந்த வீட்டு ப்ரிட்ஜுல, தோசை மாவுக்குப் பக்கத்துல, மீனுக்குப் போடற எறா பாக்கெட். நான் அதுக்கு மேல ஒரு தாம்பாளத்தக் கவுத்து வெச்சுட்டேன். வேற என்ன செய்யறது.

தொட்டி அழகாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லக் கூடாது. ஆரஞ்சுல வெள்ளப் பட்டை போட்ட மீன் ரெண்டு, எல்லாரையும் வெரட்டற நீல மீன் ஒண்ணு. அப்புறம் கல்லு. உயிருள்ள கல்லுன்னு சொல்லி வாங்கிட்டு வந்தார். கல்லுக்கு உசிர் இருந்தா என் அம்மிக்கல்லு எனக்கு எத்தன சாபம் விட்டிருக்கும்னேன். அவரு சிரிக்கல. மீன் விஷயத்துல சிரிக்க மாட்டார்.

அது அவரு பாடு. என் பாடு வேற. எங்க பொண்ணு யாமினி, கம்ப்யூட்டர் வேலை, வீட்லேர்ந்தே பாக்கறா. முப்பத்தொண்ணு முடிஞ்சுபோச்சு. ஜாதகத்துல நாக தோஷம். பதினேழு எடம் வந்து பதினேழும் போச்சு. அப்பத்தான் எங்க ஓரகத்தி இந்தத் திருநின்றவூர்க்காரனச் சொன்னா. போனேன். கட்டத்தப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? பையன் மேற்கால இருந்து வருவாம்மா. தண்ணியோட சம்பந்தப்பட்ட தொழில். நீங்க தேட வேணாம், தானா வீட்டு வாசல் ஏறி வருவான்னான். எனக்கு அப்படியே வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. பரிகாரம் என்னன்னா, ஒரு மண்டலம், விடியறதுக்குள்ள குளிச்சுட்டு, மீனுக்குப் பொரி போடணும். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, சொன்னா பலன் போயிடும்.

கோயில் குளத்துக்குத்தான் மொதல் நாள் போனேன். கம்பி கேட்டுப் போட்டுப் பூட்டி, மீனுக்கு உணவு போடாதீர்னு போர்டு. என் முட்டி வலிக்கு அந்தப் படி எறங்கவும் முடியாது. அப்பத்தான் தோணுச்சு, வீட்டுக் கூடத்துலயே நாலடிக் குளம் இருக்கேன்னு. ஜோசியனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மீன் மீன்தானம்மா, போடுங்கன்னான். அது உப்புத் தண்ணியான்னு அவன் கேக்கல, நானும் சொல்லல.

தெனம் ஒரு கைப்பிடி. மூடியத் தூக்கி, கெழக்கப் பாத்து நின்னு, பொண்ணு பேரு நட்சத்திரம் சொல்லிப் போடுவேன். அந்த நீல மீன் வந்து ஒண்ணு ரெண்டு கவ்வும், துப்பும். மத்ததெல்லாம் ஊறி எறங்கி கல்லுக்குப் பின்னால போயிடும். அதுங்க பொறுமையாத் திங்கும்னு விட்டுடுவேன். பாவம், வாயில்லா ஜீவன், எறாவையே தின்னுட்டு எத்தன நாளைக்கு இருக்கும். நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் கொஞ்சம் சைவமும் சாப்பிடட்டுமே.

ஒரு இருவது நாள் இருக்கும். கல்லு மேல பச்சையா நூல் நூலாப் பாசி கெளம்புச்சு. முடி மாதிரி. தண்ணி ஓட்டத்துல அப்படியே நெளிஞ்சு ஆடுது. எங்க வீட்டுக்காரர் மூஞ்சி சுண்டிப்போச்சு. எனக்கு மேல் சிலிர்த்துப்போச்சுங்க. நாக தோஷம், நெளிஞ்சு நெளிஞ்சு வெளிய வருது. ஜோசியனுக்குச் சொன்னேன், ஆமாம்மா, தோஷம் எறங்குது, நிறுத்தாதீங்கன்னான். பாசி வளர வளர எனக்கு நிம்மதி.

அதப் போயி அவரு தேய்க்கறாருங்க. பல் தேய்க்கற பிரஷ்ஷ வெச்சுக்கிட்டு, தோள் வரைக்கும் கைய உள்ள விட்டு, காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும். கையெல்லாம் உப்புப் பூத்துப்போயி நிக்கும். தேய்ச்சு எடுத்து ஒரு பக்கெட்டுல போடுவார். அவரு என்னிக்குத் தேய்க்கறாரோ அந்த வாரம் ஒரு வரன் தட்டிப்போகும். நான் காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன், வேணும்னா வந்து பாருங்க. வாயத் தெறந்து சொல்லவும் முடியாது. அப்ப நான் என்ன பண்றது? அவரு ரெண்டு பிடி எடுத்தா நான் ஒரு பிடி கூடப் போடுவேன்.

வெயில்தான் காரணம்னு ஜன்னலுக்குப் படுதா கட்டினார். பட்டப்பகல்ல வீட்டுக்குள்ள டார்ச் அடிச்சு நடந்தோம். போர் தண்ணியில உப்புக் கரைக்கறதுதான் தப்புன்னு, அதுக்குக் கேன் தண்ணி வாங்கினார். மீனுக்குக் கேன் தண்ணி, நாங்க போர் தண்ணி. பாசி மேயும்னு நத்தை வாங்கி விட்டார், அதுல ரெண்டு செத்து நாத்தம் புடிச்சுது. தண்ணிய ஒரு குப்பியில எடுத்து மருந்து விட்டுக் குலுக்கிப் பாப்பார். வெளுப்பா இருந்தா நல்லதாம். எங்க வீட்ல ரத்தச் செவப்பா வரும். இத்தன சுத்தமா வெச்சும் பாசிக்கு எங்கேர்ந்துடி இந்தச் சத்து வருதுன்னு என்னக் கேப்பார். எனக்கென்ன தெரியும்பேன். எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க? பிரஷருக்குத்தான தொட்டி வாங்கினது. மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு.

தண்ணி சம்பந்தப்பட்ட தொழில்னா கப்பல்தானே? நான் தேடித் தேடிக் கப்பல் பையனாப் பாத்தேன். வேலூர்லேர்ந்து ஒரு எடம் அமைஞ்சுது. மேற்கு, கப்பல் வேலை, நம்ம ஆளுங்க. எல்லாம் பொருந்திச்சு. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குப் பாத்து எங்க வீட்டுக்காரர் தொட்டி மேல கருப்புத் துணியப் போட்டு மூடி வெச்சுட்டார். மூணு நாள் வெளிச்சமே படக்கூடாதாம், பாசி செத்துப்போயிடுமாம். நடுக்கூடத்துல, நாலடிக்கு, கருப்புத் துணி. நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல மொதல்ல படறது அதுதான். நான் அவசரத்துக்கு என் கூறப்புடவைய எடுத்து அது மேல போத்தினேன். பையனோட அம்மா உள்ள வந்தவுடனே, இது என்னங்க பெட்டி மேல கூறப்புடவைன்னு கேட்டாங்க. இந்த மனுஷன் புடவையையும் துணியையும் தூக்கிக் காட்டி, பாசிய பத்தி முக்கா மணி நேரம் சொன்னார். நத்தை செத்த நாத்தம் வேற. கேசரிய வாயில வெக்கல அவங்க. வாசல்ல செருப்புப் போடும்போது, சொல்லி அனுப்பறோம்னாங்க. இன்னும் சொல்லி அனுப்பிட்டிருக்காங்க.

அதோட மொத மண்டலம் வீணாப்போச்சு. ஜோசியன் ரெண்டாவது ஆரம்பிங்கன்னான்.

அந்த வாரந்தான் அவரு கொளத்தூர்லேர்ந்து ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தார். தேசப்பன்னு பேரு. முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு இருக்கும், கருப்பா, வாட்டசாட்டமா. கடல் மீன் கடை வெச்சிருக்கான். சொந்த ஊரு காசிமேடு, அப்பன் கட்டுமரத்துல போனவராம். செருப்ப வாசல் கேட்டுக்கிட்டயே கழட்டிட்டு வந்தான். அதிகம் பேச மாட்டான். கைய விட்டு, கல்லுக்குப் பின்னாலேர்ந்து எதையோ எடுத்தான். பாத்தா, ஊறிப்போன பொரி. என் உசிரே என்கிட்ட இல்ல. சமயக்கட்டு வாசல்ல நிக்கறேன். உள்ளங்கையில வெச்சுப் பாத்தான், நிமிந்து என்னப் பாத்தான், கைய மூடி சட்டப் பையில போட்டுக்கிட்டான். அவருகிட்ட, கல்லுல அழுக்கு இருக்கு சார், மெதுவாத்தான் போகும், வாரா வாரம் வந்து பாக்கறேன்னான். அப்பாடான்னு இருந்துச்சு. பொரிய பாத்துமே காரணம் தெரியலன்னா இவன் என்ன தொழில் கத்துக்கிட்டான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

சனிக்கிழம தோறும் வருவான். பையன் தங்கம்ங்க, அன்னிக்கு அப்படித்தான் நெனச்சேன். நான் காப்பி குடுத்தா வேணாம்மான்னுவான். யாமினி குடுத்தா வாங்கிக்குவான். சின்னவங்க மனசு நோகக் கூடாதுங்கற மரியாதை. அவளுக்கும் அப்பத்தான் அப்பா மேல அக்கறை வந்துச்சு. அதுவரைக்கும் அந்தத் தொட்டிப் பக்கம் திரும்பிப் பாக்காதவ, டார்ச்சப் புடிச்சுக்கிட்டு அவன் பக்கத்துல நிப்பா, கல்லுக்கு வெளிச்சம் காட்ட. சனிக்கிழமயானா தலை குளிச்சு, மை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. மூஞ்சியில ஒரு களை வந்துச்சு. பரிகாரம் வேல செய்யுதுன்னு நான் ஓரகத்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரெண்டாவது முடிஞ்சதும் ஜோசியன் சொன்னபடி மூணாவது மண்டலமும் ஆரம்பிச்சேன்.

போன மாசம், ஒரு ஞாயித்துக்கிழம. ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னா. அம்மா, அப்பா, நான் தேசப்பனக் கட்டிக்கப் போறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தாச்சு, ஒரு மாசம் ஒட்டி வெப்பாங்க.

நான் என்னென்ன சொன்னேன்னு எனக்கே நெனவில்ல. மீன்காரன் வீட்டுக்கா போகப்போறன்னு கேட்டேன். அவ அழல, கத்தல. அவரு எனக்காக எதையும் விட வேணாம், நான் அவருக்காக எதையும் திங்க வேணாம், பேசிக்கிட்டோம்மா, தனித்தனி அடுப்புன்னா. அப்புறம் மெதுவா, நீ பொரி போடறது மொத வாரமே அவருக்குத் தெரியும்மா, அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன்னா. எங்க வீட்டுக்காரர் தொட்டியத் திரும்பிப் பாத்தார். அப்புறம், பொரியான்னார். அவ்வளவுதான். என்ன ஒரு வார்த்த திட்டல. மாப்பிள்ளை கெடச்ச சந்தோஷமா, பாசிக்குக் காரணம் கெடச்ச சந்தோஷமான்னு தெரியல. ஆயுசுக்கும் தொட்டியப் பாத்துக்க வீட்லயே ஆளு வந்துட்டான் பாருங்க, அவருக்கென்ன.

நான் விடல. நடு மண்டலத்துல நிறுத்தக் கூடாதே. இந்தப் பேச்சு ஒடஞ்சு வேற நல்ல எடம் வரட்டும்னு கடைசி ஒரு மாசம் ரெண்டு கைப்பிடியாப் போட்டேன், எல்லாரும் பாக்கவே. பாசி தொட்டி பூரா மண்டிப்போச்சு. அவன் வாரத்துக்கு மூணு தடவ வர ஆரம்பிச்சுட்டான்.

ஒரு மாசமா அவகிட்ட பேசலங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஜாதின்னு சொல்றேன், சைவம்னு சொல்றேன். அதெல்லாம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா முப்பத்தொரு வருஷம் தலை பின்னி விட்டவ நான். வந்த ஒவ்வொரு வரனுக்கும் ஜாதகத்தத் தூக்கிட்டு வெயில்ல அலஞ்சவ. கடைசியில அவளே பாத்து, அவளே பேசி, அவளே நோட்டீஸ் குடுத்தா, இதுல நான் எங்க இருக்கேன்? என் பொண்ணு கல்யாணத்துல எனக்கு ஒரு வேலயும் இல்லன்னா நான் எதுக்குப் போயி நிக்கணும்?

இன்னிக்குக் காலையில யாமினி சமயக்கட்டு வாசல்ல வந்து நின்னா. கையில முல்லைப் பூ. அம்மா, வெச்சு விடறியான்னா. நான் காதுல விழாத மாதிரி மிக்ஸியப் போட்டேன். உள்ள ஒண்ணும் இல்லங்க, வெறும் மிக்ஸி. அது பாட்டுக்குக் கத்துது.  திரும்பிப் பாத்தா போயிட்டா. பூ மேடையில இருந்துச்சு.

இதோ, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. பொரிக்கு மேல. வாடிடும்னு ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டு வந்தேன். ஏன் எடுத்துட்டு வந்தேன்னு கேக்காதீங்க.

அதான் ஜோசியனக் கேக்கப் போறேன். நீ சொன்னது எதுடா நடந்துச்சுன்னு. என்னது? அவன் என்ன சொன்னான்னா? அதான் சொன்னனே, மேற்கால இருந்து வருவான்னு. கொளத்தூரா? கொளத்தூர் எங்களுக்கு... மேற்குதான். பெரம்பூர்லேர்ந்து மேற்காலதான் வரும். அதுக்கென்ன? தண்ணி சம்பந்தப்பட்ட தொழில்னு சொன்னான், நான் கப்பல்னு...

இருங்க. கொஞ்சம் இருங்க. தானா வாசல் ஏறி வருவான்னான். செருப்பக்கூட வாசல் கேட்டுக்கிட்ட கழட்டிட்டு வந்தான். மாப்பிள்ளைன்னு நாம எங்கயும் போயி கூப்பிடல. அவரு கூட்டிட்டு வந்தார், பாசிக்காக. பாசி இல்லன்னா அவன் எதுக்கு எங்க வீட்டுக்கு வரப்போறான்? வாரா வாரம் வேற. பொரி இல்லன்னா பாசி ஏது?

அப்ப இத நான்தான பண்ணிவெச்சிருக்கேன்.

பாத்தீங்களா, நூத்தி நாப்பத்தி நாலு நாளும் நான் பேரு சொல்லி நட்சத்திரம் சொல்லிப் போட்டது. ரெண்டு பேரும் ஏதோ தாங்களாப் புடிச்சுக்கிட்டதா நெனச்சுட்டிருக்காங்க. புள்ளைங்களுக்கு என்ன தெரியும். நேத்து மண்டலம் முடிஞ்சுது, இன்னிக்குத் தாலி. அந்த ஜோசியர் நாக்குல தேவி இருக்காங்க. அவரப் போயி என்னென்ன பேசிட்டேன்.

மணி என்னங்க? பத்து நாப்பதா? இது எந்த எடம்? அம்பத்தூர் தாண்டிடுச்சா, இல்லயா? கண்டக்டர் தம்பி, ரிஜிஸ்டர் ஆபீஸ் கிட்ட நிறுத்துப்பா, எறங்கணும். திருநின்றவூர் டிக்கெட்டுதான், அதனால என்ன, லேடீஸ் சும்மாதான. பொண்ணு கல்யாணம்ப்பா, அம்மா இல்லாம நடத்திடுவாங்களா.

பூவ மட்டும் எடுத்துக்கறேங்க. பொரிய நீங்க வெச்சுக்கங்க. இல்ல இல்ல, வெச்சுக்கங்க, உங்க பையனுக்கு ஆகும். விடியறதுக்குள்ள குளிச்சுட்டு, ஒரு கைப்பிடி, யாருகிட்டயும் சொல்லாதீங்க. வீட்ல மீன் தொட்டி இல்லயா? வாங்குங்க. கடல் மீன்தான் வாங்கணும். கொளத்தூர்ல போயி தேசப்பன் கடைன்னு கேளுங்க. எங்க மாப்பிள்ளைதான். மாமியார் அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, நல்ல கல்லாப் பாத்துக் குடுப்பார்.